மஞ்சள் நீக்கிய முகம்

வஜீஹாவுக்குத் தன் கண்ணைப் பற்றிக் கொஞ்சம் திமிர் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு. அது சும்மா வந்த திமிரும் இல்லை. லஸ் முனையிலிருந்து உள்ளே ஒடுங்கிப் போகிற தெரு ஒன்றில், மருந்துக்கடைக்கு மேல்மாடியில், மெஹபூப் அலி பாயின் ஸ்டுடியோ இருக்கிறது. கல்யாணம், சீமந்தம், காதுகுத்து, புதுநன்மை என்று எது நடந்தாலும் படம் எடுத்து ஆல்பம் போட்டுக் கொடுக்கிற இடம். அங்கே பத்து வருஷமாகக் கலர் பார்ப்பது அவள்தான். ஒரு படத்தைப் பார்த்தாலே அது எந்த மண்டபத்தில், எந்த விளக்கின் கீழ் எடுத்தது என்று சொல்லிவிடுவாள். சொல்லிவிட்டு, கேட்டவர் வாய் பிளக்கிறாரா என்று ஓரக்கண்ணால் பார்க்கவும் செய்வாள்.

மண்டபத்துக்கு மண்டபம் விளக்கு வேறு. ஒன்றில் குண்டு பல்பு ஆரஞ்சாக அடிக்கும். இன்னொன்றில் டியூப்லைட் பச்சையாக இறங்கும். மேடை அலங்காரம் செய்பவர்கள் மாட்டுகிற எல்இடி, கல்யாணப் பெண்ணைக் கத்தரிப்பூ நிறத்தில் முக்கி எடுக்கும். நேரில் பார்க்கிறவர்களுக்கு இதெல்லாம் தெரியாது. வெள்ளை வேட்டியை எந்த விளக்கில் பார்த்தாலும் வெள்ளை வேட்டி என்றே நம் மனசு எடுத்துக்கொள்ளும். கேமராவுக்கு மனசு இல்லை, விழுந்த நிறத்தை அப்படியே வாங்கிக்கொள்ளும். வஜீஹாவின் வேலை, படத்தில் நிஜமாகவே வெள்ளையாக இருந்த ஏதாவது ஒன்றைத் தேடிப் பிடித்து, அதன்மேல் மவுஸை வைத்து, இதுதான் வெள்ளை என்று கம்ப்யூட்டருக்குக் காட்டிக் கொடுப்பது. அது ஒன்று சரியானால் மற்ற நிறமெல்லாம் தானாகத் தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்துவிடும்.

படம் எடுக்கிற வெங்கடேஷ் எப்போதும் விளக்கின் மேல் பழி போடுவான். “மண்டபத்துல லைட்டு சரியில்ல வஜி, மாப்ள மட்டும் பச்சையா வந்துட்டாரு” என்பான்.

“லைட்டு ஆள் பாத்தா விழும்?” என்று வஜீஹா பிடித்துக்கொள்வாள். “விழுந்தா எல்லார் மேலயும்தான் விழும். ஒருத்தர் மட்டும் பச்சைன்னா, பக்கத்துல பச்சை செவுரோ பச்சைத் துணியோ இருந்திருக்கும். பெருசு பண்ணிப் பாரு.” பார்த்தால் இருக்கும். பச்சைப் பட்டுப்புடவையில் ஓர் அத்தை மாப்பிள்ளையை ஒட்டிக்கொண்டு நிற்பாள். வெங்கடேஷ் தலையைச் சொறிவான்.

இத்தனையும் தெரிந்தவள்தான் அந்தத் தப்பைச் செய்தாள். தெரியாதவள் செய்திருந்தால் இதில் கதையே இல்லை.

மே மாதத்தில் நொச்சிக்குப்பத்திலிருந்து ஒரு புதுநன்மை ஆர்டர் வந்தது, கிறிஸ்தவப் பிள்ளைகள் முதல்முறை நற்கருணை வாங்குகிற விழா. மெர்லின் என்ற ஒன்பது வயதுப் பெண், அப்பா ஜான்சன் கடலுக்குப் போகிறவர், அம்மா ரோஸி மீன் விற்கிறவர். மாதா கோயிலில் எடுத்த படங்களில் ஒரு குறையும் இல்லை. பூசை முடிந்து வீட்டு வாசலில் நீலத் தார்ப்பாய் கட்டிப் பிரியாணி போட்டிருந்தார்கள். அங்கே எடுத்த படமெல்லாம் நீலம். வெயில் தார்ப்பாய் வழியாக இறங்கி எல்லோர் மேலும் நீலத்தைக் கொட்டியிருந்தது. வஜீஹாவுக்கு இது ஒரு வேலையே இல்லை. மெர்லினின் வெள்ளைக் கவுன் இருக்கிறதே! அதன்மேல் ஒரு தட்டு. கவுன் வெள்ளையானது, ரோஸியின் புடவை அரக்கு நிறத்துக்கு வந்தது, பிரியாணிக்குக்கூடப் பசிக்கிற நிறம் வந்தது.

ஜான்சனின் முகம் மட்டும் வரவில்லை. மகளின் தோளில் கைபோட்டு, வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருந்தார், மஞ்சளாக. முகத்தின் கறுப்புக்கு அடியிலிருந்து மஞ்சள் தெரிந்தது. கண்ணின் வெள்ளை, மஞ்சள் தண்ணீரில் நனைத்த பஞ்சு போல இருந்தது. முகத்தைச் சரிபார்க்கும்போது கண் வெள்ளையில் ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பது வஜீஹாவின் பழக்கம். தட்டினாள். ஜான்சன் சரியாகிவிட்டார், உலகமே நீலமாகிவிட்டது. மெர்லினின் கவுன், சொட்டு நீலம் அதிகமாய்ப் போன பள்ளிக்கூடச் சட்டை மாதிரி ஆனது. வஜீஹா அதைத் திருப்பி அழித்தாள்.

வழக்கப்படி பெருசாக்கிப் பார்த்தாள். ஜான்சனுக்கு ஒரு பக்கம் அரக்குப் புடவை, இன்னொரு பக்கம் வெள்ளைக் கவுன், தலைக்கு மேல் நீலத் தார்ப்பாய். மஞ்சள் சுவர் இல்லை, மஞ்சள் துணி இல்லை, எங்கேயும் ஒரு மஞ்சள் பூகூட இல்லை. விளக்கு ஆள் பார்த்து விழாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவளுக்கு அந்த இடத்தில் ஒரு நிமிஷம் உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது.

கோடம்பாக்கம், தி.நகர், அடையாறு என்று அங்கங்கே இதே வேலை பார்க்கிற பன்னிரண்டு பேர் சேர்ந்து வாட்ஸப்பில் ஒரு குரூப் வைத்திருந்தார்கள். அன்றைக்குக் கிடைத்ததிலேயே மோசமான படத்தை அதில் போட்டுச் சிரிப்பது அவர்களுடைய வழக்கம். நாள் முழுக்க அடுத்தவர் வீட்டுச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறவர்களுக்குத் தாங்களும் சிரிக்க ஏதாவது வேண்டியிருக்கிறது. வஜீஹா ஜான்சனின் முகத்தை மட்டும் வெட்டி அதில் போட்டாள். கீழே குரலிலும் ஒன்று பேசி அனுப்பினாள். டீ வருவதற்குள் மற்ற பதினோரு பேரும் சிரித்துவிட்டார்கள்.

அப்புறம் வேலையைப் பார்த்தாள். ஜான்சன் இருக்கிற படங்கள் நாற்பத்து மூன்று. முகத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு மஞ்சளை இறக்கினாள், கண்ணை வெளுத்தாள். மகளின் தோளில் இருந்த கையைக்கூட விடவில்லை. ஒன்றில் செய்ததை மற்றதிலெல்லாம் ஒட்டினாள். கடைசியில் ஜான்சன், சொந்தத்தில் படகு வாங்கப் போகிற மாப்பிள்ளை மாதிரி ஜம்மென்று நின்றார். வஜீஹாவுக்குத் தன்மேலேயே ஒரு பிரியம் வந்தது.

ஜூன் முதல் வாரத்தில் மாதிரிப் படங்களைப் பார்த்துச் சரி சொல்ல ரோஸி வந்தாள். மீன் விற்று முடித்து, சோப்புப் போட்டுக் கை கழுவி, நைலக்ஸ் புடவையில் வந்திருந்தாள். மகளைப் பார்க்கவில்லை, தன்னைப் பார்க்கவில்லை. புருஷனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு படத்தை ஜன்னல் பக்கம் எடுத்துப்போய் வெளிச்சத்தில் பிடித்தும் பார்த்தாள்.

“இவரு இப்டியாம்மா கீறாரு?” என்று கேட்டாள். “எனக்கு இவரு மஞ்சளா தெரியறாரே. ஒரு மாசமா தெரியறாரு.”

வஜீஹா அந்தக் கேள்வியைத் தன் வேலைக்குக் கிடைத்த பாராட்டாக எடுத்துக்கொண்டாள். “அக்கா, லைட்டுதான் பொய் சொல்லும். நான் லைட்டை எடுத்துட்டேன். இதுதான் அவரோட நிஜமான கலர்” என்றாள். இன்னும் ஒரு படி மேலே போய், “வீட்டுல என்ன பல்பு போட்டிருக்கீங்க? குண்டு பல்பா? அதான். அதுல எல்லாமே மஞ்சளாத்தான் தெரியும். வெள்ளை எல்இடி மாத்துங்க” என்று யோசனையும் சொன்னாள்.

“பல்பா?” என்று ரோஸி ஒரு தரம் கேட்டுக்கொண்டாள். பிறகு தலையாட்டிவிட்டுப் படிகளில் இறங்கிப் போனாள். அடுத்த வாரம் வெங்கடேஷ் கையில் ஆல்பம் போய்ச் சேர்ந்தது. வஜீஹா அந்தக் குடும்பத்தை மறந்துபோனாள்.

அக்டோபர் கடைசியில், மழை விட்டும் விடாமலும் இருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, ரோஸி மறுபடி மாடியேறி வந்தாள். இளைத்திருந்தாள். குடையை வாசலில் சாத்திவிட்டு, “ஞாபகம் கீதாம்மா? மெர்லின் அம்மா” என்றாள்.

“ஞாபகம் இல்லாமயா? உக்காருங்கக்கா. மெர்லின் எப்படி இருக்கா?”

“கீறா. அவுங்க அப்பா படம் ஒண்ணு பெருசா வேணும். கல்லறைத் திருநாள் வருதில்ல, கல்லறைல வெக்கணும்.”

யாருடைய கல்லறையில் என்று கேட்க வஜீஹா வாயைத் திறந்தாள்.

அதற்குள் ரோஸி தானாகவே சொன்னாள். “செப்டம்பர் பதிமூணு. காமாலை முத்திப்போச்சு. பித்தக் குழாய்ல அடைப்பாம், கட்டியாம். பெரியாஸ்பத்திரில, மே மாசம் ஜூன் மாசம் கூட்டிக்கினு வந்திருந்தா ஆபரேசன் பண்ணிப் பாத்திருக்கலாம்னாங்க. இத்தினி நாளா வூட்ல ஒருத்தர்கூட இவரு கண்ணைப் பாக்கலியான்னு அந்த டாக்டரம்மா கேட்டாங்கம்மா.”

வஜீஹாவின் கை மேஜைமேல் இருந்த மவுஸை விட்டு மடிக்குப் போய்விட்டது.

“பாத்தேன். நான்தான் மொதல்ல பாத்தேன். வாய்யா ஆஸ்பத்திரிக்குப் போவலாம்னு கெஞ்சுனேன். கீழாநெல்லி அரைச்சு வெச்சா, எனக்கு இன்னாடி வந்துதுன்னு தட்டி உட்டுட்டாரு. உப்புத்தண்ணி பட்ட கண்ணு அப்டிதான் இருக்கும்னாரு. அப்பால ஆல்பம் வந்துதா? அத்தத் தொறந்து மடில வெச்சுக்கினு, எங்கடி மஞ்சளு, காட்டு பாப்போம், படிச்ச பொண்ணு பாத்துப் போட்டுக் குடுத்துக்கீது, உன் கண்ணுதான் கெட்டுப்போச்சுன்னாரு. வந்தவங்க போனவங்ககிட்டல்லாம் காட்டிக் காட்டிச் சிரிச்சாரு. நீயும் சொன்னியே பல்பை மாத்தச் சொல்லி? மாத்துனேன். வெள்ள பல்பு போட்டப்புறம் எனக்கும் அவ்ளோ தெர்ல. சரி, நம்ம கண்ணுதான் போலன்னு உட்டுட்டேன்.”

இதில் ஒரு வார்த்தைகூடக் குற்றம் சாட்டுகிற மாதிரி அவள் சொல்லவில்லை. அதுதான் வஜீஹாவால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருக்கலாம்.

“இவுரு அக்கா தெனம் வாசல்ல வந்து நின்னுக்கினு கேக்கறாங்க” என்று ரோஸி தொடர்ந்தாள். “கட்ன பொண்டாட்டி, கூடவே கீறவ, உனக்குத் தெர்லியாடின்னு. தெரிஞ்சுதுன்னு சொன்னா, அப்ப ஏண்டி கூட்டிக்கினு போவலன்றாங்க. தெர்லன்னு சொன்னா பொய்யி. நான் இன்னாதான் சொல்றது? இப்ப மீன் வாங்க வர்றவங்க செவுளு செவப்பா இல்லியேன்னாகூட, அது செவப்பா, இல்ல எனக்குத்தான் அப்டித் தெரியுதான்னு ரோசனை வருது.” பிறகு, தனக்குத்தானே சமாதானம் சொல்வது போல, “ஆனா உன் போட்டோல நல்லா கீறாரு. அத்தப் பாத்தாதான் மனசு ஆறுது” என்றாள்.

அப்போது சொல்லியிருக்க வேண்டும். இரண்டே வரிதான். நீங்கள் பார்த்தது சரி, நான்தான் மாற்றினேன். வஜீஹா அதைச் சொல்லவில்லை. “வியாழக்கிழமை வாங்கக்கா, நல்ல படமா எடுத்து வைக்கிறேன்” என்றாள். நல்ல படம் என்ற சொல் வாயிலிருந்து விழுந்ததும் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது. ரோஸி குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பழைய வேலைகள் போட்டு வைக்கிற ஹார்டு டிஸ்க்கைத் தேடி எடுத்து மாட்டினாள். கேமராவிலிருந்து வந்தபடியே, யாரும் கைவைக்காத படங்கள் அதில் இருந்தன. நீலத் தார்ப்பாய், நீலமாய்ப்போன கவுன், நடுவில் அந்த முகம். அவ்வளவு நீலத்தையும் மீறிக்கொண்டு அது மஞ்சளாக இருந்தது. இதைப் பார்க்கப் பத்து வருஷ அனுபவம்கூடத் தேவையில்லை. ஒரு மீன்காரி குண்டு பல்பு வெளிச்சத்தில் பார்த்துச் சொன்னதை, இந்த மகாராணி மூவாயிரம் மடங்கு நுணுக்கமான திரையில் பார்த்துவிட்டுச் சிரித்தாள். வஜீஹாவுக்கு வெட்கமாக இருந்தது.

மெஹபூப் அலி பாய் விஷயத்தைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்ட மனிதர் இல்லை. “நாம என்ன டாக்டரா வஜீஹா?” என்றார். “அழகா போட்டுக் குடுங்கன்னு கேட்டாங்க, குடுத்தோம். முகத்துல பரு இருந்தா எடுக்கறோம், வழுக்கையில பளபளன்னு அடிச்சா குறைக்கறோம். அந்த மாதிரிதான் இதுவும். இப்பப் போய்ச் சொன்னா அந்தப் பொண்ணுக்கு இருக்கற ஒரு ஆறுதலும் போவும். பெருசா ஒரு ஃபிரேம் போட்டு, நம்ம கணக்குல குடுத்துடு. வேற என்ன செய்ய முடியும்?”

வஜீஹா தலையாட்டினாள். அவர் சொன்னதில் பாதி நியாயம்தான். ஆல்பம் வராமல் இருந்திருந்தால் மட்டும் ஜான்சன் ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார் என்று யார் கண்டது? பிடிவாதக்காரர். அவள் இப்படி ஒவ்வொரு நியாயமாக எடுத்து அடுக்கிப் பார்த்தாள். எதை அடுக்கினாலும் பல்பு வந்து குறுக்கே நின்றது. ஒரு பெண் தன் கண்ணால் கண்டதைத் தன் வாயால் வந்து சொல்லியிருக்கிறாள். அவளிடம் போய்ப் பல்பை மாற்று என்று சொன்னது யார்? வழுக்கைப் பளபளப்பைக் குறைத்ததோடு இதைச் சேர்க்க முடியுமா?

புதன்கிழமை காலையில் உட்கார்ந்து ஒரு நிச்சயதார்த்த ஆல்பத்தைத் திறந்தாள். ஒவ்வொரு படத்திலும் எல்லோருடைய கண் வெள்ளையையும் முதலில் பார்த்தாள். பெண்ணின் சித்தப்பா, ஐஸ்க்ரீம் சாப்பிடுகிற பிள்ளைகள், மேளக்காரர். எல்லாம் வெள்ளையாகத்தான் இருந்தன. ஆனாலும் எதையும் தட்ட அவளுக்குக் கை வரவில்லை. பதினொரு மணிக்கு ஜான்சனின் படத்தை இரண்டு விதமாகவும் பிரிண்ட் போட்டாள். ஒன்று ஆல்பத்தில் இருந்தது. மற்றது கவுனைத் தட்டி நீலத்தை மட்டும் எடுத்தது, அவர் முகத்தில் கை வைக்காதது. வியாழக்கிழமை வரை காத்திருந்தால் இதே நாற்காலியில், பாய் காதில் விழ, இதே வாயால் மறுபடி பொய் சொல்வாள் என்று அவளுக்குத் தெரிந்தது. இரண்டையும் ஒரு கவரில் போட்டுக்கொண்டு ஆட்டோ பிடித்தாள்.

நொச்சிக்குப்பத்தில் மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. மத்தியான நேரம், வாங்குகிற கூட்டம் கலைந்துவிட்டது. ரோஸி ஒரு பலகையில் மிச்சமிருந்த சங்கரா மீனுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். வஜீஹாவைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. “வாம்மா! மீனு வாங்கவா வந்த? மொதல்லியே போன் பண்ணியிருந்தா வஞ்சிரம் எடுத்து வெச்சிருப்பேனே” என்றாள்.

“மீன் வேணாம்க்கா. படம் கொண்டாந்தேன்.”

ரோஸி கையைப் புடவைத் தலைப்பில் நன்றாகத் துடைத்துக்கொண்டு கவரை வாங்கினாள். முதலில் வந்தது ஆல்பத்துப் படம். பார்த்துச் சிரித்தாள். அடுத்ததை எடுத்தாள். வெயிலில் பிடித்தாள். சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

“இது எப்ப எடுத்தது?”

“அதே நாள்தான்க்கா. அதே படம்தான். நான் அவர் முகத்துல கை வைக்கறதுக்கு முன்னாடி இப்படித்தான் இருந்துது.”

ரோஸி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஈ ஒன்று அவள் மணிக்கட்டில் வந்து உட்கார்ந்தது. விரட்டவில்லை.

“அப்ப மஞ்சளாத்தான் இருந்தாரு.”

“ஆமாக்கா. உங்க கண்ணு மேல ஒரு தப்பும் இல்ல. நீங்க பாத்ததுதான் சரி. நான்தான் எடுத்துட்டேன்.”

ரோஸி பலகைக்குப் பின்னால் இருந்த கவிழ்த்த பெட்டியில் உட்கார்ந்துவிட்டாள். அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. ஆனால் முகத்தில் இருந்தது துக்கம் மட்டும் இல்லை. நாலு மாசமாகத் தூக்கிக்கொண்டு திரிந்ததை இறக்கி வைக்க ஓர் இடம் கிடைத்தவளைப் போல் இருந்தாள். “எனக்குத் தெரியும்” என்றாள். “எனக்குத் தெரியும்மா. நான் பாத்தேன்.”

வஜீஹா நின்றுகொண்டே இருந்தாள். இத்தோடு திரும்பிப் போய்விட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்தாள். உண்மையைச் சொல்லியாயிற்று, அந்தப் பெண்ணுக்கு அவள் கண்ணைத் திருப்பிக் கொடுத்தாயிற்று.

ரோஸி மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். “எதுக்கும்மா எடுத்த?”

“படம்னா... விளக்கு ஒவ்வொரு கலர்ல அடிக்கும்க்கா. அதை நாங்க சரி பண்ணுவோம். வெள்ளையை வெள்ளையாக் காட்டணும்...” சொல்லச் சொல்ல அது தனக்கே நொண்டிச் சாக்காகக் கேட்டது. நிறுத்திக்கொண்டாள்.

“லைட்டுன்னு நெனச்சுட்ட” என்றாள் ரோஸி. அவள் குரலில் கோபம் இல்லை. கதவைத் திறந்துவிட்டு, போ என்கிற மாதிரி சொன்னாள். “அதானே? நீ இன்னா பண்ணுவ, உனக்குத் தெரியாது. தெரியாமதானே பண்ண?”

ஆமாம் என்று ஒரு சொல் போதும். ரோஸிக்கும் அதுதான் வேண்டியிருந்தது என்று தோன்றியது. வஜீஹாவுக்கு வாய்வரை வந்துவிட்டது. ஆனால் ஜூன் மாசத்தில் இதே பெண் இதே மாதிரி முகத்தைப் பார்த்துக் கேட்டபோது, கேட்டவளுக்குத் தோதான ஒரு பதிலைத்தான் சொல்லி அனுப்பினாள். மறுபடியும் ஒன்றா?

“இல்லக்கா” என்றாள். “லைட் இல்லன்னு எனக்குத் தெரியும். லைட்டுன்னா உங்க மேலயும் மெர்லின் மேலயும் விழுந்திருக்கும். அவர் மேல மட்டும் விழாது. அது எனக்குத் தெரியும். பெருசு பண்ணிப் பாத்தேன்.”

“அப்ப, பாத்துட்டு இன்னா நெனச்ச?”

வஜீஹா போனை எடுத்தாள். குரூப்பைத் திறந்து மே மாசத்துக்குப் போகும்வரை விரலால் தள்ளித் தள்ளி மேலே போனாள். வெட்டிப் போட்ட ஜான்சனின் முகம் வந்தது. அதன் கீழே இருந்த குரலைத் தட்டினாள்.

“பசங்களா, இங்க பாருங்க நொச்சிக்குப்பம் மாமாவை! குடும்பமே நீலத்துல நிக்குது, கார்ப்பரேஷன்காரன் இவருக்கு மட்டும் தனியா மஞ்சள் லைட்டு போட்டுக் குடுத்திருக்கான்!” பிறகு ஒரு சிரிப்பு. நன்றாக, மனசு விட்டு, நீளமாக. வஜீஹாவுக்குத் தன் சிரிப்பு இவ்வளவு நீளம் என்று அதுவரை தெரியாது.

“இன்னொரு தபா போடு” என்றாள் ரோஸி.

வஜீஹா போட்டாள். பக்கத்துப் பலகைக்காரி எட்டிப் பார்த்துவிட்டு, என்னவென்று புரியாமல் திரும்பிக்கொண்டாள். நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போல வஜீஹாவுக்கு இருந்தது. அது பிளக்கவில்லை. சிரிப்பு கடைசிவரை ஓடி நின்றது.

ரோஸி போனைக் கையில் வாங்கிக்கொண்டாள். புருஷனின் முகத்துக்குக் கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள் இருந்தன. கண்ணில் நீர் வரச் சிரிக்கிற, உருண்டையான மஞ்சள் முகங்கள். அவள் ஒவ்வொன்றின் மேலும் விரலை வைத்து, வாய்க்குள்ளேயே எண்ணினாள். விரலில் ஒட்டியிருந்த செதில் ஒன்று திரையில் ஒட்டிக்கொண்டது.

“பதினொண்ணு” என்றாள். “உன்னோட சேத்துப் பன்னெண்டு.”

வஜீஹா தலையைக் குனிந்துகொண்டாள்.

“நான் ஒருத்திதான் பாத்தேன்னு நெனச்சுக்கினு இருந்தேம்மா” என்றாள் ரோஸி. “ஒருத்திதானே பாக்கறோம், அதனால நம்ம கண்ணுலதான் கோளாறுன்னு உட்டேன். பன்னெண்டு பேரு பாத்துக்கீறீங்க.”

மன்னிப்பு என்ற சொல்லை வஜீஹா ஆட்டோவில் வரும்போதே தயார் பண்ணி வைத்திருந்தாள். அதை இப்போது வெளியே எடுக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. எடுத்தாலும் வாங்கி வைக்க ரோஸியிடம் இடம் இருந்ததாகத் தெரியவில்லை.

ரோஸி எழுந்தாள். மஞ்சள் முகத்துப் படத்தை ஒரு பாலித்தீன் பையில் சுற்றி, ஈரம் படாமல் இடுப்பில் செருகிக்கொண்டாள். “இது கல்லறைக்கு. அதுக்கு முன்னால அவுங்க அக்காகிட்ட காட்டணும்” என்றாள். மற்ற படத்தைக் கவரில் போட்டு, போனையும் அதன்மேல் வைத்து, வஜீஹாவிடம் நீட்டினாள். “இத்த நீயே எடுத்துக்கினு போ.”

சொல்லிவிட்டு மறுபடி சங்கராவுக்குத் தண்ணீர் தெளிக்கத் தொடங்கினாள். அப்புறம் திரும்பிப் பார்க்கவில்லை.

வஜீஹா ரோட்டைக் கடந்து பஸ் ஸ்டாப்புக்கு வந்து நின்றாள். அந்தப் படத்தைக் கிழித்துப் போட முடியாது, வீட்டுக்குக் கொண்டுபோகவும் முடியாது. கடற்காற்றில் கவரின் வாய் திறந்து திறந்து மூடியது. உள்ளே ஜான்சன், அவள் கொடுத்த வெள்ளைக் கண்களோடு, வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.